நாய்க்கடியோடு நல்லூரில் ஏழு நாள்

என் கணவருக்கு முட்டியில் அறுவை நடந்த மாதம்தான் மஞ்சள் நிறம் தப்பாக வந்தது.

மலேசியாவில், கிள்ளானில் எங்களுக்கு ஒரு துணிக்கடை. பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குச் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு இல்ல அணிகளுக்கும் டி-சட்டை தருவிப்போம். தைப்பதெல்லாம் திருப்பூரில். இந்த முறை வந்த மாதிரியில் மஞ்சள் மட்டும் வெயிலில் காய்ந்த எலுமிச்சைத் தோல் மாதிரி வெளுத்திருந்தது. போனில் எவ்வளவு சொல்லியும் புரியவைக்க முடியவில்லை. "நேர்ல போய் நின்னு காட்டினாத்தான் ஆகும்" என்றார் கணவர், கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு. இருபது வருடமாகப் போய்வருகிறவர் அவர்தான். நான் சிங்கப்பூரைத் தாண்டியதில்லை. ஐம்பத்து நான்கு வயதில், தனியாக, முதல் தடவையாக இந்தியா.

நான் பயந்த சுபாவம். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையில் ஒன்றும் மிஞ்சாது. மின்தூக்கி நின்றுபோகுமோ என்று படியேறுகிறவள் நான்.

திங்கட்கிழமை மதியம் திருப்பூரை ஒட்டிய நல்லூருக்கு வந்து இறங்கினேன். எங்களுக்குத் தைத்துத் தரும் பனியன் கம்பெனி முதலாளி கார்த்திகேயன் கேட்டிலேயே நின்றிருந்தார். முப்பத்தெட்டு வயதிருக்கும். "வாங்க்கா, வாங்க. சாப்ட்டீங்களா?" என்றார்.

"பசியாறிட்டேன்" என்றேன். எங்கள் ஊரில் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம்.

அவர் முகம் வாடிவிட்டது. "பசியே போயிருச்சுங்களா? நேரங்கழிச்சுக் கூட்டிட்டு வந்துட்டமுங்க."

ஒரே தமிழ்தான், ஆனாலும் வேறு நாட்டுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போட்டார்கள். முதல் நாள் முழுக்க எனக்கு அது கேலி செய்வது போலவே கேட்டது. சாலையைக் கடக்கக் கால்மணி நேரம் நின்றேன். லாட்ஜில் என் பாஸ்போர்ட்டை, எங்கள் சொல்லில் கடப்பிதழை, வாங்கிப் பக்கம் பக்கமாக நகல் எடுத்தவர், "வெளிநாட்டுக்காரங்க தங்குனா போலீசுக்குத் தகவல் குடுக்கோணுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்றார். வேறு ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னதாலேயே ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, நாற்காலியையும் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி. லாட்ஜிலிருந்து கம்பெனிக்கு நடந்தே போகலாம். வீடுகளுக்கு நடுவே தையல் மெஷின் ஓடும் சத்தம். கட்டிங்கில் மிஞ்சிய துண்டுத் துணி மூட்டைகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. இரண்டு மூட்டைகளுக்கு நடுவே ஒரு செவலை நாய். ஒரு காது கிழிந்திருந்தது. எங்கள் ஊரில் நாய் என்றால் இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும். நான் தெருவின் மறுபக்கம் மாறி, அதைப் பார்க்காமல், ஓடாமல், கற்றுக்கொண்டதையெல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டுதான் நடந்தேன்.

அது குரைக்கவே இல்லை. பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலைப் பிடித்தது, விட்டது, ஏதோ வேலையிருப்பது போலத் தெருமுனையில் திரும்பிப் போய்விட்டது.

நான் கத்தினேனா என்று தெரியாது. கம்பெனிக்கு எதிரில் இட்லிக் கடை வைத்திருக்கும் சரஸ்வதியக்கா ஓடி வந்தார். அறுபது வயதுக்காரர், மூக்குத்தி போட்ட ஒல்லியான பெண்மணி. என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, சேலையை முழங்கால்வரை ஏற்றி, குடத்துத் தண்ணீரை ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தார். "எரியுதா அம்மிணி? எரியட்டும். இன்னும் தேய்க்கோணும்" என்று இரண்டாவது குடமும் காலியாகும்வரை விடவில்லை. தண்ணீரோடு இரத்தம் சாக்கடைக்குள் ஓடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகேயன் காரில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நாய்க்கடிக்கென்றே தனி வரிசை இருந்ததைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பும் நிறையக் கலக்கமும் வந்தன. காயத்தைச் சுற்றி ஊசியால் ஏற்றிய ஒரு மருந்து, தோளில் தடுப்பூசி. இன்று, வெள்ளிக்கிழமை, அடுத்த செவ்வாய். கடைசியாக இருபத்தெட்டாம் நாள் ஊரில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டில் எழுதித் தந்தார்கள். இளம் பெண் மருத்துவர் ஒருவர் தலைநிமிராமல் கேட்டார்: "நாய் குரைச்சுச்சா? நீங்க அதைச் சீண்டினீங்களா?"

"இல்லை."

"தெரு நாயா? பத்து நாளைக்கு அது உயிரோட இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. வெறி நாய்னா அதுக்குள்ள செத்துரும். எப்படி இருந்தாலும் ஊசியை மட்டும் விட்ராதீங்க."

மருத்துவருக்கு அது வழக்கமாகச் சொல்கிற ஒரு வரி. எனக்கு அன்றிலிருந்து அந்த நாயின் உயிரும் என் உயிரும் ஒன்றாகிவிட்டன.

புதனும் வியாழனும் நான் மஞ்சளைப் பார்க்க வந்தவள் என்பதையே மறந்துபோனேன். மாடியில் செக்கிங் மேசையில் துணியை விரித்துவைத்து எந்த மஞ்சள் வேண்டும் என்று கேட்பார் கார்த்திகேயன். என் கண் ஜன்னல் வழியே தெருவிலேயே இருக்கும். "இருக்குதுங்க்கா, டெம்போவுக்கு அடியில படுத்திருக்குது" என்று செக்கிங் பெண்களில் யாராவது வந்து சொல்வார்கள். தெருவே அதற்குக் காவல் இருந்தது. சரஸ்வதியக்கா இட்லி போட்டுப் பார்த்தார், மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டதாம். நல்ல இட்லியை நாய் ஏன் வேண்டாமென்கிறது என்று அன்று மதியம் முழுக்க யோசித்தேன். அந்த நோய் வந்தால் தண்ணீர் இறங்காது என்பார்கள்; மணிக்கொரு தரம் தண்ணீர் குடித்து, தொண்டையில் சரியாக இறங்குகிறதா என்று கவனித்தேன். ஒரு நாளில் எதுவும் தெரியாது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் குடித்தேன்.

பேச்சுத் துணைக்கு முருகேசன் வருவார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். வடமாநிலத்து ஆட்களோடு எட்டு வருடம் வேலை பார்த்ததில் இந்தி நன்றாகப் பேசுவார். கூச்சக்காரர், என்னோடு பேசும்போதுகூடத் துணியைப் பார்த்துத்தான் பேசுவார். "நாய் நல்லாத்தான் இருக்குக்கா. நீங்க தண்ணியக் கொஞ்சம் கொறைங்க, இத்தோட எத்தனை தடவ போயிட்டு வந்துட்டீங்க" என்றார் ஒருமுறை. அந்த இரண்டு நாளில் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது ஊசிக்கு நானே பஸ்ஸில் போகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஏறியதென்னவோ சரியான பஸ்தான். இறங்கவேண்டிய இடத்தில் முன்னால் நின்ற கூட்டத்தைத் தாண்ட முடியவில்லை. அதற்கடுத்த நிறுத்தத்தில் இறங்கலாமா என்று யோசிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஊர் முடிந்து, தென்னை வந்து, பிறகு இரண்டு பக்கமும் டக்கு டக்கு என்று விசைத்தறிச் சத்தம் வந்தது. சோமனூர் என்கிற ஊராம். ஊசி நேரம் தவறிவிட்டால் என்ன ஆகும் என்று யாரிடம் கேட்பது? கண்டக்டரிடம் சீட்டைக் காட்டி அழுதேவிட்டேன்.

அவர் சீட்டை வாங்கிப் படித்தார். "ஏனுங்க, சாயங்காலத்துக்குள்ள போட்டாப் போதுமுங்க. எங்க அப்பனுக்கும் இதே சீட்டுத்தான். வெசனப்படாதீங்க." எதிரே வந்த பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி, அந்தக் கண்டக்டரிடம், "நாய்க்கடிங்க, ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி உடு" என்று என்னை ஒப்படைத்தார். அந்த பஸ் முழுவதும் என் காலைப் பார்த்தது. உட்கார இடமும் கிடைத்தது.

ஊசி போட்டுக்கொண்டு நல்லூர் திரும்பியபோது மணி மூன்று. டெம்போவுக்கு அடியில் நாய் இல்லை. மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றது. நின்றது என்று சொல்லக்கூடாது; பின்னங்கால் இரண்டும் துவண்டு துவண்டு மடங்கின. தாடை தொங்கி, வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. என்னைப் பார்த்தது போல இருந்தது. எதையும் பார்க்கவில்லை என்றும் தோன்றியது. சரஸ்வதியக்கா கடைக்குள்ளிருந்து, "கிட்டப் போவாதீங்க அம்மிணி" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கார்த்திகேயன் தெருவை மறித்து இரண்டு பக்கமும் ஆளை நிறுத்தினார். யார் யாருக்கோ போன் போட்டார்.

சனிக்கிழமை காலை நான் போனபோது மூட்டைகள் இருந்த இடத்தில் சுண்ணாம்புத் தூள் கொட்டியிருந்தது. "வெடியாலயே செத்துக் கெடந்துதுங்க. மாநகராட்சி வண்டி வந்து தூக்கிட்டுப் போயிருச்சு" என்றார் சரஸ்வதியக்கா. இன்ன நோய்தான் என்று எவரும் சோதித்துச் சொல்லவில்லை. எனக்கு யாரும் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு ஊசி போட்டாயிற்று, காயத்தைச் சுற்றியும் மருந்து ஏற்றியாயிற்று, முதல் நிமிடத்திலேயே சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரஸ்வதியக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மிணி, அது உங்கள மட்டும் கடிக்கலீங்க."

அவர் சொன்னது இதுதான். நான் கடிபட்ட அதே செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு வடக்கத்திப் பெண் கடைக்கு வந்து, கை ஜாடையில் மிளகாய்த்தூள் கேட்டிருக்கிறாள். சோற்றுக்கு என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார். அவள் குனிந்து கணுக்காலில் அப்பிக்கொண்டு போய்விட்டாள். "ஏதோ மெஷின்ல பட்ட காயம்னு நெனச்சுட்டனுங்க. அவ பேசறது எனக்குப் புரியாது, நாம் பேசறது அவளுக்குப் புரியாது. இன்னிக்கு நாயத் தூக்கறப்பத்தான் பக்கத்துக் கடைக்காரர் சொல்றாரு, அன்னிக்கு மத்தியானம் அது ஒரு இந்திக்காரப் புள்ளையையும் கடிச்சுதுன்னு."

"ஊசி போட்டிருப்பாளா?"

"மொளகாத்தூளு அப்புனவ எங்கீங்க ஊசி போட்டிருப்பா."

எனக்குள் ஒரு குரல், உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ, ஊருக்குத் திரும்ப நாலு நாள்தான் இருக்கிறது என்றது. பழக்கமில்லாத ஊரில் மொழி தெரியாத ஒருத்தியைத் தேடிப்போய் என்ன சொல்வேன்? அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. என் வாழ்க்கையில் பெரும்பாலும் அது சொன்னபடிதான் கேட்டிருக்கிறேன். மாடியேறி முருகேசனைக் கூப்பிட்டேன்.

அடுத்த தெருவில் இன்னொரு பனியன் கம்பெனி; வடக்கத்திப் பெண்கள் அங்கேதான் அதிகம் என்றார் முருகேசன். மதிய இடைவேளைக்கு நூறு பெண்களுக்கு மேல் வெளியே வந்தார்கள். சரஸ்வதியக்கா சட்டிகளை மூடிப்போட்டுவிட்டு எங்களோடு வந்து கேட் ஓரத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எனக்கு முகம் தெரியாது என்பதால் கால்களைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவளைக் கண்டுபிடித்தோம். லேசாகச் சாய்ந்து நடந்தாள். கணுக்காலில் பனியன் துணிக் கட்டு.

பெயர் சுமித்ரா. ஜார்க்கண்ட். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். தொளதொளவென்று பெரிய குர்தா போட்டிருந்தாள். முருகேசன் நாய் செத்ததைச் சொன்னதும் முதலில் சிரித்தாள். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஊசி வேண்டாமாம்கா" என்றார் முருகேசன். "காயம் ஆறிட்டுன்னு சொல்லுதாங்க."

"ஆறினாலும் போடணும்னு சொல்லுங்க."

திரும்பவும் பேசினார்கள். அவள் குரல் தாழ்ந்துகொண்டே போனது. ஒரு கையால் குர்தாவை முன்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்கு மேல் எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

முருகேசன் தரையைப் பார்த்தார். "அஞ்சு மாசமாம்கா. கம்பெனியில யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா மெஷின்ல உக்கார விடமாட்டாங்கன்னு பயப்படுதாங்க. வீட்டுக்காரரு ஊருக்குப் போயிருக்காராம். இவ்வளவு வீரியமான ஊசி போட்டாப் புள்ள தங்காதுன்னு சொல்லுதாங்க."

டாக்டரிடம் கேட்கலாம் என்றேன். தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போனாலே போடச் சொல்வார்கள் என்றாள். நாய் எல்லோருக்கும் நோயைத் தராது, கடவுள் இருக்கிறார் என்றாள். இடைவேளை முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. அவள் இன்னும் சாப்பிடவில்லை. டப்பா கையிலேயே இருந்தது.

பிறகு நான் பேசியதை யோசித்துப் பேசவில்லை. யோசித்திருந்தால் பேசியிருக்க மாட்டேன்.

"முருகேசன், நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. எனக்கு இருபத்தாறு வயசுல ஏழாம் மாசம். ஒருநாள் சாயங்காலம் வயித்துல நோவு வந்துச்சு, கொஞ்சம் இரத்தமும் பட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா அறுத்துடுவாங்கன்னு பயந்தேன். வீட்டுக்காரர்கிட்ட சொல்லலை. காலையில பார்த்துக்கலாம்னு படுத்துட்டேன். காலையில பிள்ளை இல்லை. முதல் நாளே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். பயந்துதான் போகாம இருந்தேன். அதுக்கப்புறம் எனக்குப் பிள்ளையே பிறக்கலை."

கணவரிடம்கூட, முதல் நாளே நோவு வந்தது என்பதை நான் அதுவரை சொன்னதில்லை.

முருகேசன் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். முன்பின் பழக்கமில்லாத ஒரு பெண்ணின் பேறுகாலக் கதையை இன்னொரு பெண்ணிடம் சொல்லவேண்டியிருக்கும் என்று எந்த ஆண்தான் எதிர்பார்ப்பான்? பிறகு இந்தியில் ஆரம்பித்தார். நான் சொன்னதைவிட மிகச் சின்னதாக இருந்தது. எதைச் சொன்னார், எதை விட்டார் என்று எனக்கு இன்றும் தெரியாது. சுமித்ரா அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

மணி அடித்தது. சுமித்ரா டப்பாவோடு திரும்பி உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் வெயிலில் நின்றோம். கேட்டைச் சாத்தினார்கள். "போலாங்க அம்மிணி. நாம சொல்ல வேண்டியதச் சொல்லிட்டோம்" என்றார் சரஸ்வதியக்கா. எனக்குக் கால் வரவில்லை. கால்மணி நேரம் இருக்கும். கேட்டின் சின்னக் கதவு திறந்தது. சுமித்ரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"கேட்டுட்டு மட்டும் வருவாங்களாம்" என்றார் முருகேசன்.

ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு மணி நேரம். என்னைப் பார்த்த அதே பெண் மருத்துவர்தான். சுமித்ரா கேட்ட கேள்விகளை முருகேசன் ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த முறை மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி போடலாம். நாங்க போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். குழந்தைக்கு இதனால ஒண்ணும் ஆகாது. இந்த நோய் வந்துட்டா அம்மாவையும் காப்பாத்த முடியாது, குழந்தையையும் காப்பாத்த முடியாது. இன்னும் வரலை, நேரம் இருக்கு. இதை அப்படியே சொல்லுங்க." பிறகு அவரே சுமித்ராவைப் பார்த்து, தெரிந்த இரண்டு மூன்று இந்திச் சொற்களைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அது முருகேசன் சொன்னதைவிட அதிகம் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

செவிலி வயதானவர். "வா கண்ணு, ஒக்காரு. அந்தப் பக்கம் பாத்துக்க" என்றார். கடிவாயைச் சுற்றி மருந்தை ஏற்றும்போது வலி உயிர் போகும், நான் பட்டிருக்கிறேன். சுமித்ரா சத்தம் போடவில்லை. என் கையைப் பிடித்தாள். தையல்காரியின் பிடி. விட்ட பிறகும் நாலு விரலின் தடம் என் கையில் சிவப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கடைத்தெரு முழுக்க இந்தியும் ஒடியாவும் கேட்டன. நான் வேறு எங்கோ இறங்கிவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. வாழைப்பழமும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு சுமித்ராவின் அறைக்குப் போனேன். வரிசையாகப் பத்து அறைகள், தகரக் கூரை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். கதவைத் திறந்தவளின் நெற்றி கொதித்தது. கண் சிவந்திருந்தது.

ஊசியால் வந்த காய்ச்சலா, நோயா, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? நான்தானே கூட்டிப்போனேன். அவள் வாய்க்குள் ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. முருகேசனுக்குப் போன் போட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு சைக்கிளை மிதித்து வந்தார். அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போய் விசாரித்து, மாத்திரையும் வாங்கிவந்து, "சில பேருக்கு ஊசிக்குக் காய்ச்சல் வருமாம். இந்த மாத்திரை குடுக்கலாமாம். புள்ள அசையுதான்னு மட்டும் கேக்கச் சொன்னாங்கக்கா" என்றார். கேட்டுவிட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

சுமித்ரா என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. என் நெஞ்சு அடிப்பதுதான் எனக்குக் கேட்டது. பிறகு, உள்ளங்கைக்கு அடியில் மீன் திரும்புவது போல ஒரு சின்ன அசைவு. இன்னொன்று. நான் கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை. மாத்திரை போட்டு, மதியத்துக்கு மேல் வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. அவளே எழுந்து பருப்பும் சோறும் ஆக்கினாள். கடுகெண்ணெய் வாசம் எனக்குப் பழக்கமில்லை. இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம்வரை ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாமலே பேசிக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை மஞ்சளை முடித்தேன். சாயப்பட்டறையிலிருந்து ஐந்து துண்டுகள் வந்திருந்தன. நாலாவது துண்டைத் தொட்டு, இதுதான் என்றேன். "அவ்வளவுதானுங்களா? இதுக்குத்தானுங்களா அண்ணன் போன்ல அப்படிச் சத்தம் போட்டாரு?" என்று சிரித்தார் கார்த்திகேயன். சுமித்ரா வேலை செய்யும் கம்பெனியின் முதலாளியிடம் அவர் தனியாகப் பேசியதை முருகேசன் சொல்லித்தான் அறிந்தேன். பிரசவம்வரை அவளை உட்கார்ந்து நூல் வெட்டும் வேலையில் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்களாம். அவள் அத்தனை நாள் ஒளித்துவைத்த விஷயம் இரண்டு முதலாளிகளுக்குத் தெரிந்தும் உலகம் இடிந்து விழவில்லை.

என் கடைசி ஊசியைக் கிள்ளானில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில், தொண்டை கொஞ்சம் கரகரத்தாலும் ராத்திரி தூக்கம் போய்விடும். கணவரிடம் அந்தப் பழைய சாயங்காலத்தைப் பற்றியும் சொன்னேன். "நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன், எழுப்பியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். நான்கு மாதம் கழித்து முருகேசன் தகவல் அனுப்பினார்: சுமித்ராவுக்குத் திருப்பூரிலேயே பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம்.

ஆனால் திருப்பூரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமைக் காலைதான். எனக்கு மூன்றாவது ஊசி, சுமித்ராவுக்கு இரண்டாவது. தற்செயலாக இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. அவளை அழைத்துப்போக எட்டு மணிக்கு அறைக்குப் போனால் பூட்டிக் கிடந்தது. பக்கத்து அறையில் கேட்டேன், கை விரித்தார்கள். கம்பெனி கேட்டில் கேட்டேன். இன்று வரவில்லை என்றார்கள். காய்ச்சலுக்குப் பயந்து ஊருக்கு ரயில் ஏறிவிட்டாளா? முருகேசனின் போன் எடுக்கப்படவில்லை. ஒரு ஊசியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ரயில் நிலையத்துக்குத் திருப்பச் சொல்லலாமா என்று வாயெடுத்து வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

நாய்க்கடி வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கடைசியில் போய் நின்றேன்.

முன்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். எட்டிப் பார்த்தேன். வரிசையின் நாலாவது ஆளாகச் சுமித்ரா நின்றிருந்தாள். தனியாக, ஒரு கையில் சீட்டோடு. எந்த பஸ்ஸில் ஏறினாள், யாரிடம் வழி கேட்டாள், எத்தனை மணிக்கு வந்தாள், தெரியாது. அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டிருந்தாள். அதற்குள் நுழையப் பார்த்த பெரியவரைத் துப்பட்டாவைக் குறுக்கே நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தாள். அவர் முணுமுணுத்தார். அவள் அசையவில்லை.

"அக்கா, வாங்க" என்றாள் தமிழில். "சீக்கிரம் வாங்க."